பாட்டே இல்லாமல் படம் எடுத்த வீணைக் கலைஞர் எஸ்.பாலசந்தர்

பாலசந்தர் என்று சொன்னால் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கும் ‘எதிர்நீச்சல்’, ‘அபூர்வ ராகங்கள்’ எடுத்த கே.பாலசந்தர்தான் நினைவுக்கு வருவார். அவருக்கு முன்பே அதே பெயரில் இன்னொருவர் தமிழ்த் திரையில் பெயர் வாங்கியிருந்தார். அவர் எஸ்.பாலசந்தர். இசை ரசிகர்களுக்கு அவர் ‘வீணை’ பாலசந்தர். துப்பறியும் படங்களை விரும்புகிறவர்களுக்கு ‘அந்த நாள்’ பாலசந்தர். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று தெரிந்தவர்கள் இன்று குறைவு.

தமிழ்ப் படம் என்றால் பத்துப் பாட்டாவது இருக்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்த்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல், நடனம் இல்லாமல், சண்டைக் காட்சி இல்லாமல் அவர் ஒரு கொலைக் கதையைப் படமாக்கினார். அப்படிச் செய்தவர் பாட்டுத் தெரியாதவர் அல்ல. நாட்டின் பெரிய சங்கீதக்காரர்களில் ஒருவர். இதுதான் அவர் வாழ்க்கையின் வியப்பு.

ஏழு வயதில் இராவணன் சபையில்

1927ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பாலசந்தர் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். அவர் வீட்டில் வழக்கைவிட இசைக்குத்தான் மதிப்பு அதிகம். வித்துவான்கள் வருவதும் பாடுவதும் வாடிக்கை. பாபநாசம் சிவன் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்.

1934இல் பிரபாத் நிறுவனம் கோலாப்பூரில் ‘சீதா கல்யாணம்’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தது. மயிலாப்பூர் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட குடும்பமே அதில் நடித்தது. அண்ணன் ராஜம் இராமனாகவும், அக்காள் ஜெயலட்சுமி சீதையாகவும், தந்தை ஜனகராகவும் வேடம் போட்டார்கள். அண்ணனும் தங்கையும் கணவன் மனைவியாக நடிக்கலாமா என்று அப்போது பலர் முகம் சுளித்தார்கள். சிறுவன் பாலசந்தருக்கு இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் வேடம். பாபநாசம் சிவன் திரைக்கு இசையமைத்த முதல் படமும் அதுவே.

கஞ்சிராவோடு அவர் நிற்கவில்லை. தபேலா, ஆர்மோனியம், சிதார் என்று கைக்குக் கிடைத்த கருவியையெல்லாம் வாசித்தார். சதுரங்கத்திலும் கெட்டிக்காரர். பதின்ம வயதிலேயே சென்னை வானொலியில் வேலை கிடைத்தது. பிறகு வீணையை எடுத்தார். குரு என்று எவரிடமும் போய் உட்காராமல், தானே பழகித் தேர்ந்தார். யாரும் சொல்லித் தராமல் கற்றுக்கொண்ட அந்தப் பிடிவாதம் பின்னால் திரைப்படத்திலும் தெரிந்தது.

கதாநாயகன், வில்லன், இயக்குநர்

1948இல் ‘இது நிஜமா’ படத்தில் இரட்டை வேடத்தில் கதாநாயகனாக நடித்தார். அதே ஆண்டு ‘என் கணவர்’ படத்தைத் தானே இயக்கினார். அதில் நடிப்பும் இசையும்கூட அவர்தான். அப்போது அவருக்கு வயது 21.

1951இல் ‘ராஜாம்பாள்’ வந்தது. ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய புகழ்பெற்ற துப்பறியும் நாவலின் படம் இது. ஆர்.எஸ்.மனோகர் கதாநாயகன், பாலசந்தர் வில்லன். அதே ஆண்டு ஜூபிடர் நிறுவனத்துக்காக ‘கைதி’யை இயக்கி நடித்தார். மற்றவர்கள் புராணமும் ராஜா ராணிக் கதையும் எடுத்துக்கொண்டிருந்தபோது இவருடைய மனம் குற்றம், சந்தேகம், விசாரணை என்றே போனது.

அந்த நாளில் அமெரிக்காவில் ஒருவகைக் குற்றப் படங்கள் வந்துகொண்டிருந்தன. கறுப்பு வெள்ளையில், நிழலும் மழையும் இரவுமாக இருக்கும். நல்லவன் யார், கெட்டவன் யார் என்று எளிதில் சொல்ல முடியாது. 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள் அவற்றுக்குப் ‘பிலிம் நுவார்’ என்று பெயர் வைத்தார்கள். கறுப்புப் படம் என்று பொருள். அந்தப் பாணியைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பாலசந்தர்.

ரப்பர் தோட்டத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம்

இந்த வகைப் படங்களுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 1940இல் ஹாலிவுட்டில் ‘தி லெட்டர்’ என்ற படம் வந்தது. வில்லியம் வைலர் இயக்கம், பெட்டி டேவிஸ் நடிப்பு. சாமர்செட் மாம் எழுதிய கதை. 1911இல் கோலாலம்பூரில் ஒரு பள்ளித் தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், ஓர் ஆங்கிலேயரைச் சுட்டுக் கொன்ற வழக்கே அந்தக் கதைக்கு அடிப்படை. தூக்குத் தண்டனை பெற்ற அவரைச் சிலாங்கூர் சுல்தான் மன்னித்து விடுவித்தார்.

அந்தப் படத்தின் முதல் காட்சி ஒரு ரப்பர் தோட்டம். நிலா வெளிச்சம். மரத்தில் கட்டிய கோப்பையில் பால் சொட்டுகிறது. தொழிலாளர்கள் படுத்துத் தூங்குகிறார்கள். துரை வீட்டில் துப்பாக்கி வெடிக்கிறது. எல்லாரும் திடுக்கிட்டு எழுகிறார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு கதை துரைமார்கள், வக்கீல், நீதிமன்றம் என்று போய்விடுகிறது. எழுந்து நின்ற தொழிலாளிக்குப் பெயர் கிடையாது. அவன் என்ன பார்த்தான், என்ன நினைத்தான் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. செத்தவரின் மனைவி ஆசிய இரத்தம் கலந்த பெண் என்பது கதை. அந்த வேடத்தைக்கூட கேல் சாண்டர்கார்ட் என்ற வெள்ளைக்கார நடிகைக்குத்தான் கொடுத்தார்கள்.

பெரும்பாலான அமெரிக்கக் குற்றப் படங்கள் அப்படித்தான் இருந்தன. கறுப்பினத்தவர் மூட்டை தூக்குபவராகவோ, இரவு விடுதியில் பாடுபவராகவோ வந்து போவார்கள். சீனர்கள் குடியிருக்கும் பகுதி என்றால் மர்மம், அபின், ஆபத்து. 1950இல் ‘நோ வே அவுட்’ படத்தில் சிட்னி போய்ட்டியர் டாக்டராக வந்ததும், 1959இல் ‘தி கிரிம்சன் கிமோனோ’ படத்தில் ஜப்பானிய வம்சாவளி நடிகர் ஜேம்ஸ் ஷிகேட்டா துப்பறிவாளராக வந்ததும் விதிவிலக்குகள்.

மலாயாப் பக்கத்துப் படவுலகில் வேறு மாதிரி. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் இருந்தது. அங்கே மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியர்கள். பினாங்கில் வளர்ந்த தமிழர் எல்.கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ படத்தை இயக்கினார். பி.ராம்லி கதாநாயகனாக நடித்த முதல் படம் அது. கேமராவுக்குப் பின்னால் தமிழர் இருந்தார், ஆனால் திரையில் தமிழர் வாழ்க்கை அரிது. தமிழ் முகங்களே சாட்சியாகவும் சந்தேக நபராகவும் அதிகாரியாகவும் வரும் குற்றப் படத்துக்குச் சென்னையைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வானொலி தள்ளிய கதை

1952இல் இந்தியாவில் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா நடந்தது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ அதில் திரையிடப்பட்டது. ஒரே சாவைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் படம். பாலசந்தரை அது ஆட்டிவிட்டது. அதே முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். அவர்கள் ஏற்கவில்லை. பிறகு ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் கதையைச் சொன்னார். பாட்டில்லாமல் எடுப்பதாக இருந்தால்தான் என்பது அவருடைய நிபந்தனை. செட்டியார் துணிந்து ஒப்புக்கொண்டார். வசனத்தை ஜாவர் சீதாராமன் எழுதினார். துப்பறியும் அதிகாரி வேடமும் அவருக்கே.

கதாநாயகனாக என்.விசுவநாதன் என்ற புதுமுகத்தை வைத்துப் படப்பிடிப்பு தொடங்கியது. எடுத்தவரை போட்டுப் பார்த்த செட்டியாருக்குத் திருப்தி இல்லை. சிவாஜி கணேசனைப் போடச் சொன்னார். ‘பராசக்தி’ வந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரம். எடுத்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

சிவாஜி படம் என்று ஆவலோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு முதல் காட்சியிலேயே அதிர்ச்சி. சிவாஜி சுடப்பட்டு விழுந்து சாகிறார். மிச்சப் படம் முழுக்க, அவரை யார் சுட்டது என்ற விசாரணைதான். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, செத்தவரின் ஆசைநாயகி, மனைவி என்று ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதைச் சொல்கிறார்கள். ஒருவர் விரல் இன்னொருவரைக் காட்டுகிறது. ஒவ்வொருவர் வாயிலும் சிவாஜி வேறு வேறு மனிதராகத் தெரிகிறார். மாருதி ராவின் ஒளிப்பதிவில் நிழல்களும் கதை சொல்லின.

‘தி லெட்டர்’ படத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்தவர்களிடம் கதை எதுவும் கேட்கவில்லை. ‘அந்த நாள்’ படத்தில் எல்லாரிடமும் கேட்டது. வீட்டுக்குள் அடங்கிக் கிடக்கும் தம்பி மனைவியின் சாட்சிக்கும், ஊர் மதிக்காத ஆசைநாயகியின் சாட்சிக்கும், அதிகாரி ஒரே மாதிரி காது கொடுத்தார். 1954இல் ஒரு தமிழ்ப் படம் இதைச் செய்தது சின்ன விஷயம் அல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் பண்டரிபாய் ஏற்ற மனைவி வேடம். அமெரிக்கக் குற்றப் படங்களில் பெண் பெரும்பாலும் ஆணை மயக்கிக் கெடுப்பவள். பாலசந்தரின் கதையில் வழி தவறியவன் ஆண். வானொலிப் பொறியாளனான அவன், தன் திறமைக்கு நாட்டில் மதிப்பில்லை என்ற கசப்பில் எதிரிக்கு இரகசியம் விற்கிறான். தாலியா, தேசமா என்ற கேள்வி மனைவியின் முன்னால் வந்து நிற்கிறது. கணவனே தெய்வம் என்று மற்றப் படங்கள் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் தேசத்தைத் தேர்ந்தெடுக்கிறாள்.

1943 அக்டோபர்

எதிரி என்று படம் சொல்வது ஜப்பானை. கதை நடக்கும் நாள் 1943 அக்டோபர். அந்த மாதம் 11ஆம் நாள் இரவு ஜப்பானிய விமானம் ஒன்று உண்மையிலேயே சென்னை மீது குண்டு போட்டது. அந்தப் பீதியை வைத்தே பாலசந்தர் தன் கதையை அமைத்தார்.

சென்னைக்கு ஜப்பான் ஓர் இரவின் பீதி. மலாக்காத் தமிழர்களுக்கு அது மூன்றரை ஆண்டு. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மலாக்காவுக்குள் வந்தது. அரிசி போய் மரவள்ளிக் கிழங்கு வந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம், பர்மா ரயில்பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதை இணைக்கப்பட்டது அதே 1943 அக்டோபரில். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

அதே மாதம் 21ஆம் நாள், சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். தோட்டத்து இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்திலும், இளம்பெண்கள் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார்கள். அவர்களுக்கு ஜப்பான் கூட்டாளி, வெள்ளைக்காரன்தான் எதிரி. ஆக, ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை போஸ் படையிலும், அடுத்த வீட்டுத் தகப்பன் சயாம் காட்டிலும் இருந்திருக்க முடியும். ஒருவருக்கு விடுதலை, இன்னொருவருக்கு மரணம். ஒரே சம்பவத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வதுதான் ‘அந்த நாள்’ படத்தின் கதை முறை. அந்த முறைக்கு மலாயாத் தமிழர் வாழ்வைவிடப் பொருத்தமான கதை வேறு இருக்காது. ஆனால் சென்னையின் குற்றப் படங்கள் கடல் கடந்து வந்து இந்தச் சாட்சிகளைக் கேட்கவில்லை. ‘பராசக்தி’ ரங்கூன் தமிழரைக் கொஞ்சம் காட்டியது. ஜாசினும் தெபோங்கும் மெர்லிமாவும் திரைக்கு வெளியிலேயே நின்றன.

கையைச் சுட்டது, பெயரைத் தந்தது

1954 ஏப்ரல் 13ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டையொட்டி ‘அந்த நாள்’ வெளியானது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த ரசிகர்கள் ஏமாந்தார்கள். வசூல் இல்லை. தேசியத் திரைப்பட விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்த பிறகுதான் மறுபடி பலர் திரும்பிப் பார்த்தார்கள். காலம் போகப் போக அதன் மதிப்பு ஏறியது. தமிழின் மிகச் சிறந்த படங்களின் பட்டியல் எதுவானாலும் இன்று அதில் ‘அந்த நாள்’ இருக்கிறது.

ரசிகர்களையும் குறை சொல்ல முடியாது. பால் மரம் வெட்டிக் களைத்து, சம்பளம் போட்டதும் தோட்டத் திடலில் பாய் விரித்து உட்கார்ந்து படம் பார்த்த மக்களுக்குப் பாட்டுத்தான் பெரிய ஆறுதல். படம் முடிந்து திரையைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும் மறுநாள் மரத்தடியில் முணுமுணுக்கப் பாட்டு மிஞ்சும். பாட்டில்லாத படம் அந்த ஆறுதலைத் தராது. பாலசந்தர் அதை அறியாதவர் அல்ல. கொலை விசாரணையின் நடுவே பாட்டு வந்தால் சந்தேகம் கலைந்துவிடும் என்று கருதியே அதை விட்டார்.

தோல்வி அவரைக் குற்றக் கதையிலிருந்து விரட்டவில்லை. 1962இல் ‘அவனா இவன்’, 1964இல் ‘பொம்மை’ என்று தாமே தயாரித்து இயக்கினார். ‘பொம்மை’யில் ஒருவரைக் கொல்ல வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. யார் கையில் இருக்கும்போது வெடிக்குமோ என்ற பதைப்புத்தான் கதை. கே.ஜே.யேசுதாஸை அந்தப் படத்தில் தமிழில் பாட வைத்தார். படம் முடிந்ததும் எழுத்தாக ஓட்டிவிடாமல், உழைத்த கலைஞர்களை நேரில் திரையில் நிறுத்தி அறிமுகம் செய்தார். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும் முகம் உண்டு என்று காட்டிய செயல் அது. அகதா கிறிஸ்டி நாவலைத் தழுவிய ‘நடு இரவில்’ 1970இல் வந்தது. அதோடு படவுலகை விட்டார்.

வீணையோடு கடைசி வரை

மிச்சமிருந்த இருபது ஆண்டும் வீணைக்கே. ஒரே மெட்டில் நரம்பை இழுத்துப் பல சுரங்களை எழுப்பும் அவர் வாசிப்பு, வாய்ப்பாட்டுக் கேட்பது போல இருக்கும். அமெரிக்காவிலும் அவருடைய இசைத்தட்டுகள் வெளிவந்தன. 72 மேளகர்த்தா ராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

வாயும் கையும் சும்மா இருக்கவில்லை. இசை உலகில் தவறு என்று பட்டதைப் பகிரங்கமாகச் சொன்னார். சுவாதித் திருநாள் மன்னர் பெயரில் வழங்கும் பாடல்கள் உண்மையில் அவருடையவைதானா என்று 1980களில் அவர் எழுப்பிய சர்ச்சை பெரிதாக வெடித்தது. கேரளத்து அறிஞர்கள் கடுமையாக மறுத்தார்கள். நண்பர்கள் பலர் விலகினார்கள். சாட்சி கேட்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்ற துப்பறியும் குணம் அவரை அங்கேயும் விடவில்லை. அதற்கான விலையையும் அவர் கொடுத்தார்.

1990இல் கச்சேரிக்காக மத்திய இந்தியாவின் பிலாய் நகருக்குப் போனார். அங்கே மாரடைப்பு. உயிர் பிரிந்த நாள் ஏப்ரல் 13. ‘அந்த நாள்’ வெளியாகிச் சரியாக 36 ஆண்டு. அவருக்கு வயது 63.

மலாக்காவின் தோட்டங்கள் பலவற்றில் இன்று ரப்பர் இல்லை, செம்பனை நிற்கிறது. லயங்கள் காலியாகி, பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். திடலில் திரை கட்டுவதும் இல்லை. சயாம் போனவரையும் போஸ் படைக்குப் போனவரையும் நேரில் அறிந்த தாத்தா பாட்டிமார் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒத்துப்போகாத சாட்சிகளையும் ஒன்றுவிடாமல் கேட்டால்தான் அந்த நாள் என்ன நடந்தது என்று தெரியும் என்பதை, பாட்டே இல்லாத ஒரு படத்தில் வீணைக்காரர் ஒருவர் எழுபது ஆண்டுக்கு முன்பே செய்து காட்டினார்.